அம்மப்பாவின் திதி

எங்கள் அம்மா பிறந்தது 1942இல். அப்போது அவருடைய தகப்பன், எங்கள் அம்மப்பா, எகிப்தில் பிரித்தானிய இராணுவத்தின் லொறி ஓட்டிக்கொண்டிருந்தார். பிள்ளையின் முகம் பார்க்காமலே போய்விட்டார். தந்தி வந்த அன்று மட்டக்களப்பு ஆரையம்பதி வீட்டு முற்றத்தில் நெல் அவித்துக்கொண்டிருந்ததைப் பெத்தா, அதாவது அம்மாவின் தாய், கடைசிவரை சொல்வார். ஆனால் எந்த ஊரில், எந்த நாளில் இறந்தார் என்பது அவர் நினைவில் இல்லை. 1978 சூறாவளி கூரையோடு தந்தியையும் கொண்டுபோய்விட்டது. நாள் தெரியாததால் வீட்டில் திதி கிடையாது. ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தத்தில் முழுகுவதோடு சரி.

பெத்தாவை அரித்தது வேறொன்று. "குளிப்பாட்டி, தேவாரம் பாடி அனுப்பினார்களோ, பாலைவனத்தில் அப்படியே புதைத்துவிட்டார்களோ?" என்று கேட்டுக் கேட்டே அவரும் கண்ணை மூடினார்.

பெத்தாவின் தகரப் பெட்டியில் ஒரு பதக்கம் இருந்தது. மணல் நிற நாடா, நடுவில் சிவப்புக் கோடு. ஆபிரிக்க நட்சத்திரம் என்ற பதக்கம் அது. விளிம்பில் பெயர் இருக்கும் என்று கண்ணாடி வைத்துத் தேடினேன். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியப் படையினருக்குக் கொடுத்த அந்த நட்சத்திரங்களில் பெயர் பொறிக்கவில்லை என்று பிறகுதான் அறிந்தேன். உள்நாட்டு இறப்புப் பதிவேட்டிலும் பயனில்லை. இங்கே நிகழாத இறப்பு அதில் எப்படி இருக்கும்?

வழி காட்டியது ஒரு கடித உறை. கறையான் பெயரைத் தின்றிருந்தது. ஆனால் அனுப்பியவரின் படை இலக்கம் அப்படியே இருந்தது. பொதுநலவாய போர்க் கல்லறைகள் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் கட்டணமின்றித் தேடலாம். அதற்குமுன் எகிப்தின் எல் அலமெய்ன் போர் மயானத்தின் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட கல்லறைகளுக்குள் பெயரை வைத்துத் தேடிக் களைத்திருந்தேன். இலக்கத்தைப் போட்டதும் ஒரே ஒரு பதிவு வந்தது. எங்கள் பூட்டனின் பெயர் குடும்பப் பெயராக இருந்தது, அம்மப்பாவின் பெயர் எழுத்துப் பிழையோடு பின்னால் நின்றது. தேடுகிறவர்கள் இதைக் கவனியுங்கள்: தகப்பன் பெயரையும் போட்டுப் பாருங்கள், ஒலிக்கு ஒலி எழுத்துகளை மாற்றிப் பாருங்கள். 1947 டிசம்பர் 31 வரை சேவையில் இறந்தவர்களும் அந்தத் தளத்தின் பதிவுகளில் இருக்கிறார்கள். போர் முடிந்தபின் நோயில் இறந்தவர் என்று தள்ளிவிடாதீர்கள்.

எங்களுக்குக் கிடைத்தது கல்லறை அல்ல. அலமெய்ன் தகன நினைவிடம் என்றிருந்தது. எகிப்திலும் லிபியாவிலும் தத்தம் சமய முறைப்படி தகனம் செய்யப்பட்ட அறுநூறுக்கு மேற்பட்டவர்களின் பெயர்களைத் தாங்குகிற இடம் அது. எங்கள் வீட்டில் அடக்கம் செய்வதே வழக்கம். ஆனாலும் யாரோ ஒருவர் அவர் சைவர் என்று அறிந்து, விறகு அடுக்கித் தீ வைத்திருக்கிறார். அந்த வரியை வாசித்தபோது எனக்குக் குரல் வரவில்லை. பெத்தா இருந்திருக்க வேண்டும்.

இறந்த நாள் 1943 தை மாதத்தில் விழுந்தது. அம்மா இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். பிறகு, "அப்போது நான் தவழ்ந்திருப்பேன்" என்றார். ஐயர் பழைய பஞ்சாங்கக் கணக்குப் பார்த்துத் திதியைச் சொன்னார். இந்தத் தையில்தான் முதன்முறையாக அவர் பெயர் சொல்லிப் படைத்தோம். பெத்தாவின் இலைக்குப் பக்கத்தில் அம்மா அவருக்கும் ஓர் இலை போட்டார்.