கில்பெக் சர்ச்சு சிற்பம் 900 வருஷமா எப்படி நிக்குது? தாரமங்கலத்துல இருந்து கேக்கறேன்

தாரமங்கலத்தான்:
எல்லாருக்கும் வணக்கம்ங்க. பொண்ணு இங்கிலாந்துல ஹெரிஃபோர்டு ஆஸ்பத்திரில நர்ஸு, பாக்க போயிருந்தப்ப மாப்பிள்ளை கில்பெக்னு ஒரு குக்கிராமத்துக்கு கூட்டிட்டு போனாரு. சுத்தி வயலு, ஆடு, நாலு வீடு, நடுவுல செவப்பு மணல்கல்லுல சின்னதா ஒரு சர்ச்சு, 1140 வாக்குல கட்டினதாம். தெற்கு வாசல் தூணுல பாம்புங்க ஒன்னோட வாலை ஒன்னு முழுங்கிட்டே ஏறுது, கூரைக்கு கீழ சுத்திலும் வரிசையா மொகங்க, அதுல ஒரு நாயும் முயலும் அண்ணன் தம்பி மாதிரி ஒட்டிட்டு பாக்குதுங்க, இப்ப செதுக்கின மாதிரி கூர் கூரா இருக்கு. நம்ம கைலாசநாதர் கோயிலு கருங்கல்லு, நிக்கும். மணல்கல்லு அந்த மழையிலயும் பனியிலயும் எப்படிங்க தாங்குச்சு, இவ்ளோ சின்ன ஊர்ல யாரு செஞ்சாங்க? இன்னொன்னு, எங்க குலதெய்வக் கோயில் மண்டபத்து தூணுல எண்ணெய்ப் பிசுக்கு ஏறி கருப்பாயிடுச்சு, கும்பாபிஷேகத்துக்கு முன்னாடி மணல் அடிச்சு கிளீன் பண்ணிடலாம்ங்கறாங்க. எனக்கு மனசு ஒப்பல.

அஸ்தம்பட்டி_கட்டடம்:
அண்ணா, முதல்ல அந்த மணல் அடிக்கறதை நிறுத்த சொல்லுங்க. கல்லோட மேல்தோலு போயிடும், சொரசொரன்னு ஆகி அதுலதான் அழுக்கும் ஈரமும் இன்னும் புடிக்கும், நகை வேலைப்பாடு கண்ணு மூக்கெல்லாம் மழுங்கிடும், போனது திரும்ப வராது.

கில்பெக்குக்கு வரேன். அன்னைக்கு ஊரு சின்னது இல்ல. சர்ச்சுக்கு பின்னாடி மேடு பாத்திருப்பீங்களே, அது கோட்டை. 1086ல இங்கிலாந்து ராஜா வில்லியம் எடுத்த டூம்ஸ்டேங்கற நிலக் கணக்குலயே கில்பெக் இருக்கு, வில்லியம் ஃபிட்ஸ் நார்மன்ங்கறவர் கையில. கோட்டைய 1640கள் உள்நாட்டுப் போர்ல இடிச்சுட்டாங்க, பக்கத்துல இருந்த பழைய ஊரும் காலியாகி இப்ப புல்லுமேடுதான். நம்மூர்ல கெட்டி முதலிங்கற குறுநில மன்னருங்க இருந்ததாலதான தாரமங்கலத்துல அந்த வேலைப்பாடு வந்துச்சு, அங்கயும் கோட்டைக்காரங்க இருந்ததாலதான் சர்ச்சு.

செதுக்கினவங்க பேரு யாருக்கும் தெரியாது, அந்த வட்டாரம் பூரா வேலை செஞ்ச ஒரு கூட்டம், ஹெரிஃபோர்டுஷைர் பாணின்னு சொல்வாங்க. அதே பாணில 1130கள்ல ஷோப்டன்ங்கற ஊர்லயும் ஒரு சர்ச்சு கட்டினாங்க. 1750கள்ல அந்த சர்ச்சை புதுசா கட்டறோம்னு இடிச்சு, பழைய வளைவுகளை மட்டும் கழட்டிட்டு போய் ஒரு மேட்டுமேல அழகுக்கு நிறுத்தி வெச்சாங்க. மேல கூரை கிடையாது. மழை நேரா அடிச்சு அடிச்சு இன்னைக்கு உருவமே தெரியாம கரைஞ்சு கிடக்கு. கில்பெக்ல யாரும் கழட்டல, கல்லும் நல்ல கல்லு, அதான் கூரைக்கு கீழ இருந்த 91 தலையில 85 இன்னும் இருக்கு. உங்க கேள்விக்கு பாதி பதில் இந்த ரெண்டு ஊருலயே இருக்குங்ணா.

சூரமங்கலம்_மலர்:
இதோட ஒன்னு சேத்துக்கறேன். லூயிஸ்னு ஒரு ஓவியர் கில்பெக் சிற்பங்கள வரைஞ்சு 1842லயும் ஷோப்டன் வளைவுகள வரைஞ்சு 1852லயும் புத்தகமா போட்டாரு. இப்ப ஷோப்டன்ல கல்லு போச்சு, அங்க என்ன இருந்துச்சுன்னு தெரிஞ்சுக்க அந்த படந்தான் கதி. அதனால உங்க மண்டபத்துல கிளீனிங்கு பேச்சு எடுக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தூணையும் நாலு பக்கமும் போட்டோ எடுத்துடுங்க, ஃபிளாஷ் போடாதீங்க, காலைல வெயில் சாஞ்சு விழும்போது எடுத்தா செதுக்கல் நல்லா எழும்பி தெரியும், பக்கத்துல ஒரு ஸ்கேல் வெச்சா அளவும் கிடைக்கும்.

தாரமங்கலத்தான்:
ரொம்ப நன்றிங்க ரெண்டு பேருக்கும். ஷோப்டன் கதைய அப்படியே கமிட்டில சொல்லப்போறேன், அதுக்கு மேல வேற என்ன சொல்ல. பிசுக்க எப்படித்தான் எடுக்கறது?

அஸ்தம்பட்டி_கட்டடம்:
முதல்ல வெறும் தண்ணி, மெதுவான நார் பிரஷ்ஷு, கண்ணுல படாத ஒரு மூலைல சின்னதா செஞ்சு பாத்துட்டு. கம்பி பிரஷ்ஷும் ஆசிடும் கிட்டவே கொண்டு போகாதீங்க. அதுக்கும் போகலன்னா தொல்லியல்ல கல்லு பராமரிப்பு தெரிஞ்சவங்கள கூப்பிட்டு காட்டிட்டுதான் கை வைக்கணும். போட்டோ இங்க போடுங்கண்ணா, பாக்கறேன்.