95 சன்னி: கதவு திறந்தா உள் லைட் எரியுதில்ல, பல்ப் மாத்தியும் சரிவரல்ல

கல்லடி_தம்பி

எல்லாருக்கும் வணக்கம். அப்பாட கார் ஒண்டு இரிக்கு, 95ம் ஆண்டு நிசான் எஃப்பி14 சன்னி, அவர் போன புறகு நான்தான் ஓடுறன். எஞ்சின் கியர் ஒண்டும் குறை இல்ல. பிரச்சின சின்னன்தான், ஆனா மாசக்கணக்கா தீருதில்ல. கூரையில இரிக்கிற லைட் கதவைத் திறந்தா எரியாது. டிரைவர் கதவுக்கு சிலநேரம் எரியும், சிலநேரம் கதவைப் பிடிச்சு ஆட்டினா மினுங்கி மினுங்கி நிக்கும், பின் இடப்பக்கக் கதவுக்கு சுத்தமா இல்ல. லைட்டில இரிக்கிற சுவிச்ச ஓன்ல போட்டா மட்டும் நல்லா எரியுது.

அம்மாக்கு 70 தாண்டிட்டு, அவ பின் இடப்பக்கம்தான் ஏறுற. போன கிழமை மாமாங்கம் கோயிலுக்குப் போயிட்டு இரவு திரும்பக்குள்ள, இருட்டில கால் வைக்கிற இடம் தெரியாம தடக்கி முழங்கால் அடிபட்டுட்டு. அண்டையில இருந்து எனக்கு இது ஒரே யோசினையாக் கிடக்கு.

ரெண்டு பல்ப் வாங்கிட்டன், ஒண்டு கட்டையாப் போய் நிக்காம விழுந்திட்டு, மற்றது போட்டும் அதே கதைதான். காட்டின இடத்தில லைட்ட முழுசாக் கழட்டி எறிஞ்சிட்டு எல்ஈடி பலகை ஒண்டு ஒட்டுவம் எண்டாங்க. அப்பா அந்த மூடியை சவர்க்காரம் போட்டுக் கழுவி வச்சிருந்தவர், எனக்கு அதைக் கழட்டி எறிய மனமில்ல. என்ன சைஸ் பல்ப் வேணும்? எல்ஈடி போடலாமா? மீற்றர் போர்ட்லயும் ஒரு பக்கம் இரவில இருட்டு.

களுவாஞ்சிக்குடி_வயரிங்

தம்பி, முதல்ல பல்ப் வாங்குறத நிப்பாட்டுங்க. ஓன்ல போட்டா எரியுது எண்டு நீங்களே எழுதிட்டீங்க, அப்ப பல்ப்பும் நல்லம், ஃபியூஸும் நல்லம், பெட்டரில இருந்து வாற வயரும் நல்லம். இந்தப் பழைய ஜப்பான் கார்களுக்கு உள் லைட்டுக்கு பொசிடிவ் எப்பவும் வந்துகொண்டே இரிக்கும், கதவுச் சுவிச் செய்யிற வேலை எர்த் (கரன்ட் பெட்டரி நெகடிவுக்குத் திரும்பிப் போற வழி) குடுக்கிறது மட்டும்தான். கதவு திறக்க அந்தக் குமிழ் வெளியால வரும், உள்ளுக்குள்ள தகடு பொடியோட, அதாவது காரின்ட இரும்பு உடம்போட முட்டும், லைட் எரியும். அந்த எர்த் அரைகுறையா இரிக்கிறதாலதான் ஆட்டினா மினுங்குது.

நீங்க கல்லடி, ஒரு பக்கம் கடல் மற்றப் பக்கம் வாவி. உப்புக் காத்து முதல்ல தின்னுறது இந்தச் சுவிச்சத்தான், நான் பார்த்த கார்களில பாதிக்கு மேல இதே கதைதான். குமிழுக்கு மேல ஒரு ரப்பர் தொப்பி இரிக்கும், அது வெடிச்சிருந்தா மாரிக்குள்ள தண்ணி நேரா உள்ள போகும்.

கதவு நிலையில ஒரே ஒரு ஸ்குரூ, அதைக் கழட்டினா சுவிச் கையோட வரும். பின்னால பெரும்பாலும் ஒரு வயர்தான் (டிரைவர் பக்கம் சில கார்ல ரெண்டு இரிக்கும், சாவி மறந்தா கத்துற பஸருக்கு). கவனம், சுவிச்ச வயரில இருந்து உருவ முதல் அந்த வயருக்கு உடுப்புக் கிளிப் ஒண்டு கவ்வி விடுங்க. கை தவறி வயர் நிலைக்குள்ள விழுந்தா அதை எடுக்கிறதுக்கு உள் பலகையே கழட்டோணும், நான் அந்தக் கஷ்டத்தை ஒருக்காப் பட்டவன்.

இப்ப லைட்ட டோர் எண்ட இடத்தில விட்டிட்டு மற்றக் கதவெல்லாம் மூடுங்க, வயர் முனையை பெயின்ட் இல்லாத இரும்பில தொட்டுப் பாருங்க. லைட் எரிஞ்சா வயர் நல்லம், சுவிச்தான் கள்ளன். பயப்பட வேணாம், கரன்ட் பல்புக்குள்ளால வாறதால ஃபியூஸ் போகாது. தொட்டும் எரியாட்டி வயர் எங்கயோ அறுந்திரிக்கு, அது வேற தேடல்.

சுவிச்ச நைஸ் எமரி பேப்பரால தேய்ச்சு கொன்டாக்ட் கிளீனர் அடியுங்க. இதைவிட முக்கியம் ஸ்குரூ போற துவாரம். சுவிச்சுக்கு எர்த் வாறதே அந்த ஸ்குரூவாலதான், அதில துரு இரிந்தா புதுச் சுவிச் வாங்கிப் போட்டாலும் எரியாது. துவாரத்தைச் சுத்திப் பளபளப்பா வரும் வரைக்கும் சுரண்டி, வாசலின் கொஞ்சம் பூசிப் பூட்டுங்க.

சைஸ் கேட்டீங்க, ரெண்டு முனையும் கூரா இரிக்கிற நீட்டுப் பல்ப் 31, 36, 39, 41 மில்லிமீற்றர் எண்டு பல அளவில வரும். பழசை கூர் முனையில இருந்து கூர் முனை வரைக்கும் அளந்து, அதையும் கையோட கடைக்குக் கொண்டு போங்க. வாட்டும் பாருங்க, 5 வாட் இருந்த இடத்தில 10 வாட் போட்டா வெளிச்சம் கூடத்தான், ஆனா மூடி சூட்டில மஞ்சளாகி உருகத் தொடங்கும். பல்ப்பைப் பிடிக்கிற ரெண்டு தகடும் காலப்போக்கில விரிஞ்சு போகும், மெதுவா உள்ளுக்கு வளைச்சு விடுங்க. அதுக்கு முதல் ஃபியூஸைக் கழட்டுங்க, ஃபியூஸ் பெட்டி மூடியில ரூம் எண்டோ டோம் எண்டோ போட்டிரிக்கும். ஸ்குரூ ட்ரைவர் தவறி பொடில பட்டா ஃபியூஸ் போய் அதோட மணிக்கூடு, ரேடியோ எல்லாம் போகும்.

அக்கரைப்பற்று_110காரன்

அண்ணன் சொன்னதுதான் சரி, எனக்கும் 110 கொரோலால பின் கதவுச் சுவிச்தான் பிழை. எல்ஈடி பத்தி நான் சொல்றன், நான் எல்லாம் மாத்திப் பார்த்தவன். கூரை லைட்டுக்குத் தாராளமாப் போடுங்க தம்பி, சூடு இல்ல, மூடி பழுதாகாது, உம்மாமார் ஏறக்குள்ள நல்ல வெளிச்சம். போட்டு எரியாட்டி கழட்டி முனை மாத்திப் போடுங்க, எல்ஈடிக்கு பொசிடிவ் நெகடிவ் இரிக்கி, நான் முதல் தடவை பல்ப் பழுது எண்டு திருப்பிக் குடுக்கப் போய் வெட்கமாப் போச்சு. வெள்ளை வெளேர் எண்டு நீலமா அடிக்கிறத வாங்காதீங்க, இரவில கண்ணுக்கு வேதனை.

ஆனா மீற்றர் போர்ட்ல பெட்டரி படம் போட்ட லைட் இரிக்கே, அதுக்கு மட்டும் எல்ஈடி போட்டிடாதீங்க. சில பழைய கார்ல அல்டர்னேட்டர் சார்ஜ் பண்ணத் தொடங்குறதுக்கு அந்தச் சின்ன பல்ப்புக்குள்ளால போற கரன்ட்தான் வேணும், எல்ஈடில அது காணாது, பெட்டரி சார்ஜ் ஏறாமக் கிடக்கும்.

இன்னொண்டு, டிக்கி லைட்டையும் பாருங்க. எனக்கு நாலு நாள் நிப்பாட்டி வச்சா பெட்டரி செத்துக் கிடக்கும், மூணு கராஜ் ஏறி இறங்கிட்டன். கடைசில ஃபோன்ல வீடியோ ஓட விட்டு டிக்கிக்குள்ள வச்சு மூடி எடுத்துப் பார்த்தா, மூடினாப் புறகும் லைட் எரிஞ்சிகிட்டே இரிக்கி. 5 வாட் பல்ப் 0.4 அம்பியர் இழுக்கும், ஒரு நாளைக்கு 10 அம்பியர் மணித்தியாலம், 40 அம்பியர் மணித்தியாலப் பெட்டரிக்கு நாலு நாள்தான் கணக்கு.

ஏறாவூர்_ஃபாஹிம்

மூடி கழட்டுறதப் பத்தி ஒருத்தரும் சொல்லல்ல. 30 வருஷப் பிளாஸ்டிக், காலம்பற குளிர்ல நெம்பினா டக்கெண்டு காது உடையும், எனக்கு உடைஞ்சது, கொழும்புல கார் பாட்ஸ் விக்கிற பஞ்சிகாவத்தை வரைக்கும் ஆள் விட்டும் அதே மூடி கிடைக்கல்ல. காரை அரை மணித்தியாலம் வெயில்ல விடுங்க, பிளாஸ்டிக் இளகும். அதுக்குப் புறகு தட்டை ஸ்குரூ ட்ரைவருக்கு துணி சுத்தி, வெட்டு இரிக்கிற பக்கத்தால மட்டும் மெதுவா நெம்புங்க. வாப்பாட மூடி எண்டு சொல்றீங்க, அவசரப்படாதீங்க.

கல்லடி_தம்பி

மூண்டு பேருக்கும் பெரிய நன்றி. இண்டைக்கு ஞாயிறு, காலம்பறயே தொடங்கிட்டன். பின் இடப்பக்கச் சுவிச்சக் கழட்டினா ரப்பர் தொப்பி நாலாப் பிளந்து கிடக்கு, உள்ளுக்கு பித்தளைத் தகடு பச்சைப் பச்சையாப் பூத்து ஈரமா இரிக்கு. ஸ்குரூவில பாதி துருவாக் கொட்டுப்பட்டிச்சு. கிளிப் கவ்வினது நல்லதாப் போச்சு அண்ணே, வயர் ரெண்டு தரம் உள்ள இழுபட்டிச்சு. வயரை இரும்பில தொட்டன், லைட் பளிச்செண்டு எரிஞ்சிச்சு.

துவாரத்தைச் சுரண்டி, புது ஸ்குரூ போட்டு, நாலு கதவுக்கும் அதே வேலை செய்து முடிய பகல் பன்னிரண்டரை. பல்ப் பழசே போட்டன், 5 வாட். மீற்றர் போர்ட் அடுத்த கிழமைதான். ஒரு கேள்வி மட்டும், இந்த ரப்பர் தொப்பி தனியா வாங்க ஏலுமா?

களுவாஞ்சிக்குடி_வயரிங்

தனியாக் கிடைக்கிறது குறைவு தம்பி. பழைய கார் உடைக்கிற இடத்தில சுவிச்சோடயே எடுங்க, தொப்பி இழுத்துப் பார்த்து மெத்தெண்டு இரிக்கிறதா பார்த்து எடுங்க. அது வரைக்கும் சைக்கிள் டியூப்ல சின்ன வட்டம் வெட்டி, நடுவில குமிழுக்கு ஓட்டை போட்டு மாட்டி விடுங்க, மாரி தொடங்க முதல் செய்யுங்க. மீற்றர் போர்ட் கழட்ட முதல் பக்கத்தில இரிக்கிற வெளிச்சம் கூட்டிக் குறைக்கிற சக்கரத்தை ஒருக்கா உருட்டிப் பாருங்க. ஒரு பக்கம் மட்டும் இருட்டு எண்டா பின்னால ஒரு சின்ன பல்ப் போயிருக்கும், பிளாஸ்டிக் பிடியோட கால் சுத்து திருப்பினா வரும். பலகையைச் சட்டெண்டு இழுக்காதீங்க, பின்னால வயர் சொக்கட் பூட்டி இரிக்கும்.

கல்லடி_தம்பி

சரி அண்ணே. பின்னேரம் அம்மாவ ஏத்திக்கொண்டு கல்லடிப் பாலத்தால ஒருக்காப் போயிட்டு வந்தன். திரும்பி வந்து இறங்கக்குள்ள கதவைத் திறந்தன், லைட் எரிஞ்சிச்சு, அவ மேல பார்த்திட்டு "அப்பாட லைட் தானே இது" எண்டா.