ஓணம் விடுமுறைப் பயணம் தடைப்பட்டால் காப்பீடு எதற்கெல்லாம் பணம் தரும்?

கொழிஞ்சாம்பாறை ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் ஒரு தமிழ்வழிப் பள்ளியில் பணியாற்றுகிறேன். ஓணம் விடுமுறையில் நானும் கணவரும் இரண்டு பிள்ளைகளும் மாமியாரும் சிங்கப்பூர் சென்றுவர நெடும்பாசேரியில் உள்ள கொச்சி விமான நிலையத்திலிருந்து விமானச் சீட்டு எடுத்திருக்கிறோம். ஓட்டல் அறைகளுக்கும் முழுப் பணத்தைக் கட்டிவிட்டோம். ரத்து செய்தால் பணம் திரும்பாத வகை அது என்பதைப் பிறகுதான் கவனித்தேன். சீட்டு எடுத்துத் தந்த கோயம்புத்தூர் முகவரோ, பயணக் காப்பீடு எடுத்துவிட்டால் எது நடந்தாலும் பணம் வந்துவிடும் என்கிறார். "எது நடந்தாலும்" என்ற சொல்தான் எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

என் ஐயங்கள் மூன்று. மாமியாருக்கு வயது 68. பல ஆண்டுகளாகச் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை எடுத்துக்கொள்கிறார். அவர் உடல்நலம் குன்றிப் பயணம் நின்றால் பணம் கிடைக்குமா? 2018-இல் திருவோணத்துக்குப் பத்து நாள் முன்பு, ஆகஸ்ட் 15-ஆம் தேதி, நெடும்பாசேரி விமான நிலையத்துக்குள் வெள்ளம் புகுந்து, 29-ஆம் தேதிதான் மீண்டும் திறந்தார்கள். அப்படி மறுபடி நேர்ந்தால் என்ன செய்வது? மூன்றாவதாக, கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் என் கணவருக்கு ஓணத்துக்கு விடுமுறை கிடையாது. கடைசி நேரத்தில் அலுவலகம் விடுப்பை மறுத்துவிட்டால் அதற்கும் காப்பீடு உண்டா? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாவேன்.

ஓய்வுபெற்ற காப்பீட்டு ஊழியர், பாலக்காட்டுச் சித்தூர்:

சகோதரிக்கு வணக்கம். உங்களுக்கு உறுத்தியது சரியான இடத்தில்தான் உறுத்தியிருக்கிறது. பயணக் காப்பீடு "எது நடந்தாலும்" பணம் தருவதில்லை. எந்தெந்தக் காரணங்களால் பயணம் நின்றால் தரும் என்று பாலிசியில் ஒரு பட்டியல் இருக்கும், அந்தப் பட்டியலுக்குள் உங்கள் காரணம் வந்தால் மட்டுமே கிளெய்ம் நிற்கும். பயணி அல்லது நெருங்கிய உறவினரின் மரணம், மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய அளவுக்குக் கடுமையான நோய் அல்லது காயம், இயற்கைப் பேரிடர் ஆகியவை பெரும்பாலும் அதில் இருக்கும். அலுவலகம் விடுப்பு மறுத்தது, விசா கிடைக்காதது, மனம் மாறியது ஆகியவை பெரும்பாலான பாலிசிகளில் இருக்காது. ஆகவே உங்கள் மூன்றாவது கேள்விக்கு விடை, தனியாகக் கூடுதல் பிரீமியம் கட்டி எடுக்கும் திட்டம் ஒன்றில் அது எழுத்தில் இருந்தாலன்றி, இல்லை என்பதே.

மாமியார் விஷயத்தை இரண்டு இடங்களில் பார்க்க வேண்டும். முதலாவது, "நெருங்கிய உறவினர்" என்பதற்குப் பாலிசி தரும் வரையறை. அதில் கணவர் அல்லது மனைவியின் பெற்றோரைச் சேர்த்திருக்கிறார்களா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அவர் பெயரும் அதே பாலிசியில் இருந்தாலும்கூட, அவர் நோயுற்றால் உங்கள் நால்வரின் செலவுக்கும் ஈடு கிடைக்குமா என்பதை அந்த வரையறைதான் முடிவு செய்யும். இரண்டாவது, ஏற்கனவே உள்ள நோய் பற்றிய விலக்கு. சர்க்கரை தொடர்பான சிக்கலால் அவரை மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால், அது பாலிசி எடுப்பதற்கு முன்பே இருந்த நோய் என்று சொல்லிக் கிளெய்மை மறுக்க வாய்ப்பு மிகுதி. இதற்காக நோயை மறைத்துப் படிவம் நிரப்பிவிடாதீர்கள். முகவர்கள் சிலர் அப்படிச் சொல்லிக் கொடுப்பதை என் பணிக்காலத்தில் பார்த்து வருந்தியிருக்கிறேன். மருத்துவமனைக் குறிப்பில் "பத்தாண்டுகளாகச் சர்க்கரை நோயாளி" என்று ஒரு வரி இருந்தால் போதும், மறைத்தது வெளிப்பட்டு எல்லாம் போய்விடும்.

இன்னொன்று, பயணம் ரத்தாவதற்கான காப்பு பாலிசி எடுத்த நாளில் தொடங்கிப் புறப்படும் நேரத்தில் முடிகிறது. புறப்பட்ட பிறகு பாதியில் திரும்ப நேர்ந்தால் அது வேறு பிரிவு, அதற்குத் தனி வரம்பு உண்டு. நம் ஊரில் பலரும் விமானம் ஏறுவதற்கு முந்தின நாள் பாலிசி எடுக்கிறார்கள், அப்போது முதல் பிரிவுக்காகக் கட்டிய பணம் ஏறக்குறைய வீண். எடுப்பதென்றால் சீட்டு எடுத்த கையோடு எடுப்பதே பயன்.

காப்பீட்டு நிறுவனம் உங்கள் முழுச் செலவையும் தராது; வேறு யாரிடமிருந்தும் திரும்பப் பெற முடியாத பகுதியை மட்டுமே, வரம்புக்குள், விலக்குத்தொகையை, அதாவது இழப்பில் நாமே ஏற்க வேண்டிய பகுதியை, கழித்துக்கொண்டு தரும். எடுத்துக்காட்டாக, சீட்டுக்கும் ஓட்டலுக்கும் 2,00,000 ரூபாய் கட்டி, விமான நிறுவனம் 30,000 திருப்பித் தந்தால், கணக்கு 1,70,000-இலிருந்துதான் தொடங்கும். பணம் திரும்பாத சீட்டாக இருந்தாலும், அதில் அடங்கிய அரசு வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் திருப்பித் தர வேண்டும் என்பது சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி. பலர் அதைக் கேட்பதே இல்லை.

வெள்ளத்தால் விமானம் ரத்தானால் முழுக் கட்டணத்தையோ மாற்று விமானத்தையோ விமான நிறுவனமே தர வேண்டும். ஆனால் முன்னறிவிப்பில்லாமல் ரத்து செய்ததற்கென உள்ள 5,000 முதல் 10,000 ரூபாய் வரையிலான இழப்பீடு, இயற்கைப் பேரிடர் போல நிறுவனத்தின் கைமீறிய காரணங்களுக்குக் கிடைக்காது. எனவே வெள்ளம் வந்தால் காப்பீட்டை நீங்கள் நம்பியிருக்க வேண்டியது சீட்டுக்காக அல்ல, ஓட்டல் பணத்துக்காகத்தான்.

வேலந்தாவளத்திலிருந்து ஒருவர்:

ஐயா சொன்னதோடு என் அனுபவத்தையும் சேர்க்கிறேன். 2023 டிசம்பரில் கோயம்புத்தூரிலிருந்து சென்னை வழியாக வெளிநாடு செல்லவிருந்தோம். மிக்ஜாம் புயலால் டிசம்பர் 4-ஆம் தேதி சென்னை விமான நிலையம் மூடப்பட்டது. விமான நிறுவனம் சீட்டுப் பணத்தைத் திருப்பித் தந்துவிட்டது. ஓட்டலுக்குக் கட்டிய தொகைக்காகக் காப்பீட்டு நிறுவனத்தை அணுகினேன். மறுத்துவிட்டார்கள். நான் பாலிசி எடுத்தது டிசம்பர் 2-ஆம் தேதி மாலை, அதற்குள் வானிலை ஆய்வு மையம் எச்சரிக்கை வெளியிட்டிருந்தது. முன்பே தெரிந்த நிகழ்வுக்குக் காப்பு இல்லை என்று பாலிசியிலேயே எழுதியிருந்தது. அந்த வரியை நான் படித்திருக்கவில்லை.

அதுமட்டுமல்ல, விமானம் ரத்தானதற்கான காரணத்தை விமான நிறுவனத்திடமிருந்து எழுத்தில் கேட்டார்கள். என்னிடம் இருந்தது காரணம் எதுவும் குறிப்பிடாத ஒரு குறுஞ்செய்தி மட்டுமே. சகோதரி, அப்படி ஏதாவது நேர்ந்தால் அன்றே மின்னஞ்சலில் காரணத்துடன் கடிதம் கேட்டு வாங்கிவிடுங்கள், வாரங்கள் கழிந்த பிறகு கேட்டால் அலைய வேண்டியிருக்கும். நோய் என்றால், பயணத்தை ரத்து செய்வதற்கு முன்பாகவே, பயணம் செய்யத் தகுதியில்லை என்று மருத்துவர் தேதியிட்டு எழுதிய சான்று வேண்டும்.

வாளையாறு வாசகர்:

என் கேள்வியும் இதே பொருள் சார்ந்ததுதான். ஐஆர்சிடிசி-யில் சீட்டு எடுக்கும்போது 45 பைசாவுக்கு ஒரு காப்பீடு வருகிறதே, ரயில் தாமதமாகி விமானத்தைத் தவறவிட்டால் அது உதவுமா?

ஓய்வுபெற்ற காப்பீட்டு ஊழியர், பாலக்காட்டுச் சித்தூர்:

உதவாது. அது ரயில் விபத்துக்கான காப்பீடு. மரணத்துக்கு 10 லட்சம், காயமுற்று மருத்துவமனையில் சேர்ந்தால் 2 லட்சம் வரை என்ற வகையில் தரும், தாமதத்துக்கு எதுவும் இல்லை. ஏறும் நிலையத்துக்கு ரயில் 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமாக வந்து, நீங்கள் அதில் பயணம் செய்யாவிட்டால், ரயில் புறப்படுவதற்கு முன்பு டிடிஆர் எனும் பணம் திரும்பக் கோரும் விண்ணப்பத்தைப் பதிவு செய்து முழுக் கட்டணத்தையும் ரயில்வேயிடமே பெறலாம். பயணக் காப்பீட்டில் "இணைப்பு விமானம் தவறுதல்" என்று இருப்பதும் பெரும்பாலும் ஒரு விமானத்தின் தாமதத்தால் அடுத்த விமானம் தவறுவதையே குறிக்கும். நெடும்பாசேரிக்குக் காரில் செல்பவர்கள் குதிரான் பக்கம் சாலை அடைபட்டு விமானத்தைத் தவறவிட்டால் அது இதற்குள் வராது.

கொழிஞ்சாம்பாறை ஆசிரியை:

மிக்க நன்றி ஐயா. ஒருவேளை கிளெய்ம் மறுக்கப்பட்டால் நாங்கள் முறையிட வேண்டியது கேரளத்திலா, தமிழ்நாட்டிலா? வீடு இங்கே, பாலிசி தரும் கிளை கோயம்புத்தூரில்.

ஓய்வுபெற்ற காப்பீட்டு ஊழியர், பாலக்காட்டுச் சித்தூர்:

எல்லையில் வாழும் நமக்கு இதில் ஒரு வசதி உண்டு. முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ பதில் நிறைவளிக்காவிட்டாலோ காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் காப்பீட்டு ஆம்பட்ஸ்மேனிடம் செல்லலாம்; கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை, ஓராண்டுக்குள் முறையிட வேண்டும். உங்கள் வீடு இருக்கும் பகுதிக்குரிய கொச்சி அலுவலகத்துக்கும் செல்லலாம், நிறுவனத்தின் கிளை இருக்கும் பகுதிக்குரிய சென்னை அலுவலகத்துக்கும் செல்லலாம். முகவர் வாயால் சொன்ன உறுதி எங்கும் செல்லாது, எனவே அவர் சொன்னதை இன்றே மின்னஞ்சலில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

கொழிஞ்சாம்பாறை ஆசிரியை:

கேட்டேன் ஐயா. "எது நடந்தாலும்" என்று அவர் எழுதித் தரவில்லை. பாலிசி வாசகத்தை மட்டும் அனுப்பினார். உறவினர் வரையறையில் கணவரின் பெற்றோர் இருக்கிறார்கள், ஆனால் ஏற்கனவே உள்ள நோய்க்கு விலக்கும் இருக்கிறது. ஓட்டலுக்கு நேரடியாக எழுதியதில், கொஞ்சம் கூடுதல் கட்டணத்துடன், மூன்று நாள் முன்புவரை ரத்து செய்யக்கூடிய வகைக்கு அறைகளை மாற்றித் தந்தார்கள். மருத்துவச் செலவுக்கும் வெள்ளத்துக்குமாகப் பாலிசியையும் இன்று மாலையே எடுக்கிறோம். மாமியாரின் மாத்திரைகள் அனைத்தையும் படிவத்தில் எழுதிவிட்டேன்.