ஸ்பீக்கர் போல ஒலிக்கும் ஹெட்போன் உண்டா?

சோமனூர்க்காரன்:
மாடி அறையில் ஸ்பீக்கர் வைத்துப் பாட்டுக் கேட்டுப் பழகியவன் நான். இப்போது வீட்டில் கைக்குழந்தை. தறி நின்ற பிறகுதான் எனக்கு ஓய்வு. அது குழந்தை உறங்கும் நேரம். அதனால் காதை மூடும் ஹெட்போன் ஒன்று வாங்கினேன். ஒலி துல்லியம், குறை சொல்ல முடியாது.

ஆனால் எங்கள் ஊர்க் கோயிலில் பதிவு செய்த அண்ணன்மார் கதைப் பாட்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. ஸ்பீக்கரில் கேட்டால் உடுக்கைக்காரர் எனக்கு எதிரே நிற்கிறார். பின்பாட்டுக்காரர் அவருக்கு இடப்புறம், சற்றுத் தள்ளி. ஹெட்போனில் உடுக்கை மண்டைக்குள் அடிக்கிறது. பின்பாட்டு இடக் காதில் ஒட்டிக்கொள்கிறது. ஆட்கள் எதிரே நிற்க வேண்டும், எனக்கு அதுதான் முக்கியம். வழி சொல்லுங்கள்.

பெருந்துறை வாசகர்:
தம்பி, இன்னொரு ஹெட்போனுக்குப் பணம் போடும் முன் இதைப் பாருங்கள். இடது ஸ்பீக்கரின் ஒலி வலக் காதுக்கும் வருகிறது. ஏறக்குறைய கால் மில்லி விநாடி பிந்தி, தலை மறைப்பதால் கீச்சொலிகள் மங்கி வருகிறது. இந்த வேறுபாட்டை வைத்துத்தான் மூளை திசையைக் கணிக்கிறது. ஹெட்போனில் அந்தக் கலப்பே கிடையாது. ஒரு பக்க ஒலியில் கொஞ்சத்தை மட்டுப்படுத்தி, பிந்தவைத்து மறுபக்கம் சேர்க்கும் வழியை ஒலிப் பொறியாளர் பெஞ்சமின் பாவர் 1961-லேயே எழுதிவிட்டார். கிராஸ்ஃபீட் என்பார்கள். கணினியில் ஃபூபார்2000 என்ற பாட்டு இயக்கும் செயலி இருந்தால் இலவசமாகவே சேர்த்துக்கொள்ளலாம்.

கோபி ரசிகன்:
அண்ணா சொல்வது சரி, ஆனால் அது பாதி வழிதான். ஸ்பீக்கர் ஒலி சுவரில் பட்டுத் திரும்புகிறது, முன்னாலிருந்து வந்து காதுமடலில் மோதுகிறது. அதற்காகத்தான் ஏகேஜி நிறுவனம் 1989-இல் கே1000 கொண்டுவந்தது. அது காதை மூடாது. ஒலிப்பான்கள் இரண்டும் கதவு போல முன்பக்கம் விரிந்து நிற்கும். ஆம்ப்ளிஃபயரில் ஸ்பீக்கர் கம்பி மாட்டும் இடத்தில்தான் அதை மாட்ட வேண்டும்! 2009-இல் சென்ஹைசர் எச்டி 800 வந்தது, 56 மி.மீ. டிரைவரை, அதாவது ஒலிப்பானை, காதுக்கு முன்னால் சாய்த்து வைத்தார்கள். இவை நம் கைக்கு எட்டாத விலை. பிலிப்ஸ் எஸ்எச்பி9500 பாருங்கள். பின்பக்கம் திறந்தது, டிரைவர் சாய்வானது, மின்தடையும் 32 ஓம்தான். செல்போனிலேயே நன்றாகப் பாடும்.

ஒன்றை மறக்க வேண்டாம். திறந்த ஹெட்போனில் ஒலி வெளியே கசியும், வெளிச்சத்தமும் உள்ளே வரும். பக்கத்துக் குடோனில் தறி ஓடினால் பாட்டை மறந்துவிட வேண்டியதுதான். தொட்டிலை ஒட்டி உட்காராதீர்கள்.

பொள்ளாச்சி:
ஹெட்போனே எதற்கு? ஸ்பீக்கர்களை மேசைமேல் கையெட்டும் தூரத்தில் வைத்து, மெதுவாக ஓடவிடுங்கள். அருகில் உட்கார்ந்தால் குறைந்த ஒலியே போதும், கதவைச் சாத்தினால் அடுத்த அறைக்கு அவ்வளவாகப் போகாது.

சோமனூர்க்காரன்:
எல்லோருக்கும் நன்றி. மேசை யோசனை நல்லதுதான், ஆனால் எங்கள் வீட்டில் தொட்டில் அதே அறையில். கிராஸ்ஃபீட் சேர்த்துக் கேட்டேன். பின்பாட்டு காதை விட்டு விலகியது. உடுக்கை மண்டையை விட்டு நெற்றி வரை வந்திருக்கிறது. எதிரே போய் நிற்கவில்லை, இருந்தாலும் முழுப்பாட்டையும் அலுப்பில்லாமல் கேட்க முடிந்தது. அடுத்தது திறந்த ஹெட்போன்தான். வாங்கும் முன் தலையில் மாட்டிக் கேட்டுப் பார்க்க விடுகிற கடை கோவையில் எங்கே இருக்கிறது? காந்திபுரம் பக்கமானால் வசதி.