ஆர்பிட்ரேட்டர் தான் போட்ட உத்தரவைத் தானே மாற்றக் கூடாதா?

பைப்லைன்காரன்:

வணக்கம். குழாய் பதிக்கிற சப்-கான்ட்ராக்டர் நான். சட்டம் படித்தவன் இல்லை. கேஸ் ஆரம்பித்ததிலிருந்து 1996-ஆம் வருட ஆர்பிட்ரேஷன் சட்டத்தைத் தலைமாட்டில் வைத்துத் தூங்குகிறேன், அவ்வளவுதான்.

பாறை வந்த இடங்களில் கூடுதலாக வெட்ட வேண்டியிருந்தது. இரு தரப்பும் சேர்ந்து அளந்து, அளவு எல்லாம் எம்-புக்கில், அதாவது அளவுப் புத்தகத்தில், ஏறியது. அந்தப் புத்தகம் மெயின் கான்ட்ராக்டர் அலுவலகத்தில் இருக்கிறது. என்னிடம் இருப்பது போனில் எடுத்த ஆறு பக்கம். அதில் இரண்டில் அளவைவிட என் கட்டைவிரல்தான் தெளிவாக விழுந்திருக்கிறது.

எம்-புக்கைத் தாக்கல் செய்யச் சொல்லி மனு போட்டோம். "இறுதி பில்லில் கையெழுத்துப் போட்டவருக்கு எம்-புக் எதற்கு" என்றார்கள் அவர்கள். ஆர்பிட்ரேட்டர் ஓய்வு பெற்ற நீதிபதி, ஒரே நடுவர். "இந்தக் கட்டத்தில் தேவையில்லை" என்று ஐந்தாம் உத்தரவில் மனுவைத் தள்ளுபடி செய்துவிட்டார்.

போன ஹியரிங்கில் அவர்களுடைய சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்தோம். 41-ஆவது கேள்வி, பாறை வெட்டிய நீளம் எவ்வளவு என்பது. "நினைவில்லை. எம்-புக் பார்த்தால்தான் சொல்ல முடியும்" என்றார் சாட்சி. என் வக்கீல் உடனே எழுந்து, அதைத்தானே ஐயா கேட்டோம் என்றார். ஆர்பிட்ரேட்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, "ஐந்தாம் உத்தரவு போட்டாயிற்று. என் உத்தரவை நானே ரிவியூ செய்யச் சட்டத்தில் இடமில்லை" என்று சொல்லி முடித்துக்கொண்டார்.

அரசியல் சாசனத்தின் 227-ஆவது பிரிவில் உயர் நீதிமன்றம் போகலாம் என்கிறார் வக்கீல். எனக்கு இரண்டே சந்தேகம். நிஜமாகவே அவருக்கு அதிகாரம் இல்லையா? இல்லையென்றால் கோர்ட் தலையிடுமா?

மூன்றாமாண்டு:

சட்டக் கல்லூரி மாணவன். உத்தரவு போட்டவுடன் நடுவர் ஃபங்டஸ் அஃபிஷியோ ஆகிவிடுவார், அந்த விஷயத்தில் அவர் வேலை முடிந்தது. ரிவியூ அதிகாரத்தைச் சட்டமே கொடுத்திருக்க வேண்டும். 33-ஆம் பிரிவில் எழுத்துப்பிழை, கணக்குப்பிழை திருத்தம், விளக்கம், விடுபட்ட கோரிக்கைக்குக் கூடுதல் அவார்டு (நடுவர் தரும் தீர்ப்பு) இவ்வளவுதான் இருக்கிறது. அதனால் ஆர்பிட்ரேட்டர் சொன்னது சரி என்று நினைக்கிறேன்.

கட்டு_சுமந்தவன்:

தம்பி, பிரிவைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறீர்கள், பொருத்திய இடம்தான் தப்பு. 33 பேசுவது அவார்டைப் பற்றி. 32-இன்படி இறுதி அவார்டு வந்தால் நடவடிக்கை முடிகிறது, நடுவர் கையும் கட்டப்படுகிறது. இடைக்கால அவார்டும், அது முடிவு செய்த விஷயத்தைப் பொறுத்தவரை, அப்படித்தான். என்றைக்குள் பிரமாணப் பத்திரம், எந்த ஆவணம் உள்ளே வரலாம், சாட்சிக்கு எத்தனை மணி நேரம் என்பதெல்லாம் யாருடைய உரிமையையும் தீர்த்து வைப்பதில்லை. வழக்கு நடத்துவதற்குப் போட்ட பாதை அது. பாதையில் பள்ளம் விழுந்தால் நடுவர் வண்டியைத் திருப்பலாம். 19-ஆம் பிரிவு சிவில் நடைமுறைச் சட்டமும் சாட்சியச் சட்டமும் அவரைக் கட்டுப்படுத்தாது என்கிறது. கட்சிக்காரர்கள் வேறு நடைமுறைக்கு ஒப்புக்கொள்ளாதபோது, தனக்குச் சரியெனப் படும் விதத்தில் நடத்தலாம் என்றும் சொல்கிறது. அந்த அதிகாரம் ஒருமுறை பயன்படுத்தியதும் தீர்ந்துபோகிற தீக்குச்சி இல்லை.

ரிவியூ என்ற சொல்தான் இங்கே எல்லாரையும் குழப்புகிறது. 1980-இல் கிரிண்ட்லேஸ் வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை இரண்டாகப் பிரித்துக் காட்டியது. தீர்ப்பின் சாரம் தப்பு என்று திரும்பிப் பார்ப்பது ஒன்று, அதற்குச் சட்டம் அனுமதி தர வேண்டும். நடைமுறைக் கோளாறைச் சரிசெய்வது இன்னொன்று, அது எந்தத் தீர்ப்பாயத்துக்கும் இயல்பாகவே உண்டு. அது தொழில் தகராறு தீர்ப்பாயத்தைப் பற்றிய வழக்கு. ஆர்பிட்ரேஷனுக்கு நேராகவே வேண்டுமென்றால் 2017-இல் வந்த ஸ்ரேய் எதிர் டஃப் டிரில்லிங் இருக்கிறது. கோரிக்கை மனு தாக்கல் செய்யவில்லை என்று 25-ஆம் பிரிவில் நடுவர் நடவடிக்கையையே முடித்துவிட்டார். காரணம் காட்டித் திரும்பக் கேட்டபோது, எனக்கு அதிகாரமில்லை என்றார். போதுமான காரணம் இருந்தால் அந்த உத்தரவைத் திரும்பப் பெறலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. கடையையே மூடிய உத்தரவைத் திரும்பப் பெறலாமாம், எம்-புக் கேட்ட மனுவைத் திரும்பப் பார்க்கக் கூடாதாமா?

அதற்காக எல்லா ஹியரிங்கிலும் பழைய மனுவையே தேதி மாற்றிப் போடலாம் என்று அர்த்தமில்லை. அப்படிச் செய்பவர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் ஓய்வு பெற்ற நீதிபதிகள் பலர் ரிவியூ என்ற சொல்லைக் கேட்டாலே கதவைச் சாத்துகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாற்றம் கேட்பவர் கையில் புதிதாக ஏதாவது இருக்க வேண்டும். உங்களிடம் இருக்கிறது, 41-ஆவது கேள்வியின் பதில். ஐந்தாம் உத்தரவிலேயே "இந்தக் கட்டத்தில்" என்று அவர் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறார், அதையும் கவனியுங்கள். அந்தக் கட்டம் தாண்டிவிட்டது.

ஆக, மனுவில் ரிவியூ என்ற சொல்லே வேண்டாம். "சாட்சியின் பதிலை ஒட்டி, இன்ன பக்கங்களைத் தாக்கல் செய்ய உத்தரவு கோரி" என்று புது மனுவாகப் போடுங்கள். புத்தகம் முழுவதையும் கேட்காமல் தேதியும் பக்க எண்ணும் போட்டுக் கேளுங்கள். தராவிட்டால் அவர்களுக்கு எதிராக ஊகிக்க வேண்டும் என்று கடைசியில் ஒரு வரி சேருங்கள். வாயால் கேட்டு வாயால் மறுத்தது பதிவில் இருக்காது. 2019 திருத்தத்துக்குப் பிறகு 34-ஆம் பிரிவில் கோர்ட்டில் அவார்டை எதிர்ப்பவர் தன் காரணத்தை நடுவர் மன்றப் பதிவிலிருந்தே காட்ட வேண்டும். ஆட்சேபம் சொல்லாமல் தொடர்ந்து நடத்தினால் 4-ஆம் பிரிவைக் காட்டி விட்டுக்கொடுத்துவிட்டீர்கள் என்பார்கள்.

ஒருமுறை_போனவன்:

227 பற்றி நான் சொல்கிறேன், அனுபவித்தவன்.

எங்கள் வழக்கில் கூடுதல் ஆவணம் ஏற்க மறுத்தார் நடுவர். கோபத்தில் நேரே உயர் நீதிமன்றம் போனோம். நம்பர் ஆகி, நோட்டீஸ் போய், பட்டியலில் ஏறி இறங்கி ஏறி எட்டு மாதம். கடைசியில் ஒரு பக்க உத்தரவு. அவார்டு வந்த பிறகு 34-இல் இதையும் சொல்லிக்கொள்ளலாம், மனு தள்ளுபடி. அதற்குள் அவார்டு கொடுக்க 29ஏ பிரிவு தரும் பன்னிரண்டு மாதம் முடிந்து, நீட்டிப்புக்குத் தனியாக ஒரு மனு. திரும்பிப் போனபோது நடுவர் என்னைப் பார்த்த பார்வை மறக்காது. அவர் ஒன்றும் தப்பாகச் செய்யவில்லை, ஆனால் எனக்கு உறுத்தியது.

5-ஆம் பிரிவைப் படியுங்கள். சட்டம் சொன்ன இடம் தவிர கோர்ட் தலையிடக் கூடாது. அப்பீல் 37-இல் வருகிறது. இடைக்கால நிவாரணம் கொடுத்தால் அல்லது மறுத்தால் போகலாம், ஆவண மனு அந்தப் பட்டியலில் இல்லை. ஏழு நீதிபதிகள் 2005-இல் எஸ்பிபி எதிர் படேல் என்ஜினியரிங் வழக்கில், நடுவர் போடும் ஒவ்வொரு உத்தரவையும் 226, 227-இல் திருத்தலாம் என்ற எண்ணத்தையே ஏற்கவில்லை.

மூன்றாமாண்டு:

ஆனால் ஸ்ரேய் வழக்கே 227 மனுவிலிருந்து மேலே போனதுதானே? அப்போது வழி அடைபடவில்லை என்றுதானே ஆகிறது?

கட்டு_சுமந்தவன்:

நல்ல கேள்வி, இதை எதிர்பார்க்கவில்லை. வழி முழுதாக அடைபடவில்லை. அரசியல் சாசனம் கொடுத்த அதிகாரத்தை ஒரு சாதாரணச் சட்டம் எடுத்துவிட முடியாது. 2021-இல் பாவென் கன்ஸ்ட்ரக்‌ஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. மிக அபூர்வமாக, ஒருவருக்கு வேறு பரிகாரமே இல்லாத நிலையிலோ அப்பட்டமான கெட்ட எண்ணம் தெரிந்தாலோதான் பயன்படுத்த வேண்டும். ஸ்ரேயில் நடவடிக்கையே முடிந்துவிட்டது, அவார்டும் கிடையாது, 34-க்கு எதை எடுத்துக்கொண்டு போவது? பைப்லைன்காரருக்கு வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. தோற்றால் அவார்டு வரும். என் வழக்கைச் சொல்ல விடவில்லை என்று 34-இல் வாதாடலாம். அவார்டு கிடைத்து மூன்று மாதம், காரணம் காட்டினால் இன்னும் முப்பது நாள், அதற்கு மேல் ஒரு நாள் கூடக் கிடையாது.

இன்னொன்று. எம்-புக் தங்களிடம் இல்லை, வேலை கொடுத்த துறையிடம் இருக்கிறது என்று அவர்கள் திடீரென்று சொன்னால் 27-ஆம் பிரிவுக்குப் போங்கள். நடுவர் அனுமதியோடு கோர்ட்டில் மனு போட்டு மூன்றாம் நபரிடமிருந்து ஆவணம் வரவழைக்கலாம். அது தலையீடு இல்லை, உதவி. சட்டமே திறந்துவிட்ட கதவு.

பைப்லைன்காரன்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

மனுவைப் புதிதாகப் போட்டோம். ரிவியூ என்ற சொல் எங்கும் இல்லை. 41-ஆவது கேள்வியும் பதிலும் மட்டும் தனித் தாளில், கூடவே என் கட்டைவிரல் படங்கள். ஆர்பிட்ரேட்டர் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "இந்த விரல் யாருடையது?" என்றார். என்னுடையதுதான் ஐயா என்றேன். முதன்முறையாகச் சிரித்தார். ஏழாம் உத்தரவில் 58 முதல் 71 வரையுள்ள பக்கங்களின் அசலைப் பத்து நாளில் காட்ட வேண்டும் என்றும், "ஐந்தாம் உத்தரவு அப்போதைய நிலையில் போடப்பட்டது, சூழ்நிலை மாறியதால் இந்த உத்தரவு" என்றும் எழுதியிருக்கிறார்.

இப்போது அவர்கள் 227-இல் போகப்போகிறார்களாம். நடுவருக்குத் தன் உத்தரவை மாற்ற அதிகாரமில்லையாம்.

கட்டு_சுமந்தவன்:

போகட்டும். ஒருமுறை_போனவர் எழுதியதை அப்படியே அச்செடுத்து உங்கள் வக்கீலிடம் கொடுங்கள், இனி அது உங்களுக்கு வேண்டும். நாளைக் காலை முதல் வேலையாக உயர் நீதிமன்றத்தில் கேவியட் போட்டுவிடுங்கள், உங்களைக் கேட்காமல் தடை உத்தரவு வாங்கிவிடக் கூடாது. தொண்ணூறு நாள் செல்லும். எம்-புக் வந்ததும் போனில் படம் எடுக்கிற வேலையை வேறு யாரிடமாவது கொடுங்கள்.