பூட்டிக் கிடந்த கட்டடங்களை மாற்றப் புறப்பட்ட அனுபவங்கள்

கடைத்தெருவாசி:

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள எங்கள் ஊர், சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களின் சம்பள நாளை நம்பி வளர்ந்த ஊர். தோட்டங்கள் செம்பனைக்கு மாறி, தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளான லயங்கள் காலியான பிறகு கடைத்தெருவில் பாதிக் கடைகள் பூட்டியே கிடக்கின்றன. அவற்றுள் ஒன்று, முன்பு செட்டியார்கள் வட்டித்தொழில் நடத்திய கிட்டங்கியாக இருந்த மாடிக் கட்டடம்; கீழே செங்கல், மேலே பலகை, முன்னால் அஞ்சடி எனப்படும் கூரையுள்ள நடைபாதை. அதை வாடகைக்கு எடுத்து, தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்குத் துணைப்பாட வகுப்பும் சிறிய நூலகமும் நடத்த நானும் நண்பர்களும் முடிவு செய்தோம்.

சுவரை இடிக்கப் போவதில்லையே, அனுமதி எதற்கு என்று ஊரில் பலரும் கேட்டார்கள். ஆனால் 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டம், அதாவது சட்டம் 172, கட்டுமான வேலையை மட்டுமன்றி, நிலத்தையோ கட்டடத்தையோ பயன்படுத்தும் விதத்தில் வரும் பெரிய மாற்றத்தையும் மேம்பாடு என்றே கொள்கிறது. கடை வகுப்பறையாக மாறும்போது, ஒரு செங்கல்லைக்கூட அசைக்காவிட்டாலும், கெபெனாரான் மெரன்சாங் எனப்படும் திட்டமிடல் அனுமதியைப் பற்றி முதலில் விசாரித்தே ஆக வேண்டும். கிராண்டில், அதாவது நில உரிமைப் பத்திரத்தில், எழுதப்பட்டுள்ள நிபந்தனை வேறு விவகாரம். அதை நில அலுவலகத்தில்தான் பார்க்க முடியும்.

எங்கள் முயற்சியைக் காப்பாற்றியது தீயணைப்பு மீட்புத் துறையினரின் பார்வை என்றே சொல்வேன். வந்த அதிகாரி மாடிப்படியின் ஒரு பலகையைப் பேனா முனையால் அழுத்தினார். முனை அப்படியே உள்ளே இறங்கிவிட்டது. மேலே சாயம் மினுமினுத்த அந்தப் பலகையின் உள்ளே கறையான் தின்று மிச்சம் வைத்த தூள்தான் இருந்தது. மாடிக்குப் பிள்ளைகளை ஏற்றக் கூடாது என்றும், யாரோ எப்போதோ செங்கல் வைத்து அடைத்துவிட்ட பின்வாசலைத் திறந்து சந்துக்கு இரண்டாவது வழி விட வேண்டும் என்றும் அவர் சொன்னார். வீண் கெடுபிடி என்று சிலர் முணுமுணுத்ததை நான் ஏற்கவில்லை. பலகை மாடியில் தீப்பிடித்தால் ஒரே படிக்கட்டு எத்தனை பிள்ளைகளுக்குப் போதும்? இப்போது வகுப்புகள் கீழ்த்தளத்தில் மட்டும் நடக்கின்றன.

லயத்து மகள்:

அண்ணன் கட்டடத்துக்குள் இருந்து எழுதியிருக்கிறார். நான் பக்கத்தில் குடியிருந்தவர்களின் நிலையைச் சொல்ல விரும்புகிறேன். உள்ளூர்த் திட்டம், அதாவது ரன்சாங்கான் தெம்பாத்தான், இல்லாத இடத்தில் ஒருவர் திட்டமிடல் அனுமதி கேட்டால், அண்டை நிலங்களின் உரிமையாளர்களுக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்றும், அவர்கள் 21 நாள்களுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம் என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஆனால் கடிதம் போவது பதிவு பெற்ற உரிமையாளருக்கு. மூன்று தலைமுறையாக லயத்தில் பிறந்து வளர்ந்தவர்களின் பெயர் எந்தக் கிராண்டிலும் இல்லை. எங்கள் தோட்டத்தில் பாழடைந்து நின்ற ஆயாக்கொட்டகையைக் கிடங்காக்கும் செய்தி, நில அளவையாளர் வந்து கட்டை அடித்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. பாட்டி காலத்தில் ரப்பர்ப் பால் எடுக்கப் பால்மரம் வெட்டப் போன தாய்மார்கள் விடியுமுன் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்து விட்ட இடம் அது. அந்த வேதனை இன்னும் எனக்கு ஆறவில்லை.

ஆனால் கிராண்டு இல்லாதவரும் பேசக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது. உள்ளூர்த் திட்டத்தின் வரைவு தயாரானதும் அதைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து, ஆட்சேபம் சொல்லக் குறைந்தது நான்கு வாரம் அவகாசம் தர வேண்டும். சில ஆண்டுகளுக்குப் பின் அந்த வரைவு வந்தபோது, வேலைக்குப் போகும் பெண்கள் முறை வைத்துக்கொண்டு சென்று வரைபடத்தைப் பார்த்தோம். தமிழ்ப்பள்ளிக்கு எதிரே பிள்ளைகள் பந்து விளையாடும் திடலும் தொழிற்சாலை நிலத்தின் நிறத்திலேயே இருந்தது. எழுதிக் கொடுத்தோம், விசாரணைக்கு அழைத்தார்கள், கோயில் தலைவரும் தலைமையாசிரியரும் கூடவே வந்தார்கள். திடல் திடலாகவே நிலைத்தது. ஆயாக்கொட்டகை இன்று உரமூட்டைக் கிடங்கு.

பெலான் (கட்டட வரைபடம்) வரைபவர்:

அக்கா சொன்னது முக்கியமானது. அதோடு சில விவரங்களைச் சேர்க்கிறேன். திட்டமிடல் அனுமதி பற்றிய முடிவு கைக்கு வந்த ஒரு மாதத்துக்குள் மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகலாம். ஆனால் அந்த வழி விண்ணப்பதாரருக்கும், முறைப்படி ஆட்சேபம் கொடுத்த அண்டை நில உரிமையாளருக்கும்தான் உண்டு. பழைய கட்டடம் என்பதாலேயே பாதுகாப்பு கிடைத்துவிடாது. 2005ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டத்தின் கீழ் பதிவாகியிருந்தால் அது வேறு கதை. கட்டடம் முடிந்ததற்கான சான்றிதழை 2007 முதல் பெலானைச் சமர்ப்பித்த கட்டடக் கலைஞர், பொறியியலாளர் போன்ற தகுதி பெற்றவர்கள் தம் பொறுப்பில் வழங்குகிறார்கள். ஆகவே கையெழுத்துக்கு மட்டும் ஆள் தேடாமல், கட்டடத்தை நேரில் வந்து பார்ப்பவரைத் தேடுங்கள்.

கோயில் குழுக்களும் இளைஞர் மன்றங்களும் அடிக்கடி தடுக்கி விழுவது காலக்கெடுவில்தான். அனுமதி கிடைத்த 12 மாதங்களுக்குள் வேலையைத் தொடங்காவிட்டால், நீட்டிப்புக் கேட்டுப் பெறாத வரை, அந்த அனுமதி காலாவதியாகிவிடும். கடிதத்தைச் சட்டமிட்டு மாட்டிவிட்டு, அதன் பிறகு நன்கொடைப் புத்தகம் அச்சடிக்கும் குழுக்களைப் பார்த்திருக்கிறேன். என்னிடம் வருபவர்களைக் கூரைக்கும் படிக்கட்டுக்குமான பணத்தையாவது விண்ணப்பத்துக்கு முன்பே திரட்டத் தொடங்கச் சொல்வது அதனால்தான்.