கலைச்சொல் விவாதம்: முருகைத் தொட்டியில் பாசி தின்னும் நண்டுக்கு என்ன பெயர்?

நல்லூரிலிருந்து

வணக்கம்.

கடல்நீர்த் தொட்டி பற்றிய சொற்பட்டியலில் ஒரு சொல் இன்னும் சரிவரவில்லை. முருகைக்கல் (பவளப்பாறைக் கல்) வைத்த தொட்டியில் பாசி பிடித்தால், அதைத் தின்பதற்கென்று நண்டும் நத்தையும் விடுகிறோம். இந்தக் கூட்டத்தை ஆங்கிலக்காரர் ‘கிளீன் அப் குரூ’ என்கிறார்கள். கடையில் ‘கிளீனர் நண்டு’ என்று கேட்டாலே எடுத்துத் தருவார்கள். தமிழில் ‘துப்புரவுக் குழு’, ‘துப்புரவு நண்டு’ என்று எழுதத் தொடங்கியிருக்கிறோம். எனக்கு இதில் இரண்டு தடை.

ஒன்று, துப்புரவு என்ற சொல்லுக்குத் தொட்டியில் ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறது. மீனின் உடம்பிலும் செவுளிலும் ஒட்டியிருக்கும் ஒட்டுண்ணிகளைப் பொறுக்கித் தின்னும் இறாலும் மீனும் உண்டு. சிவப்பு முதுகில் வெள்ளைக் கோடு ஓடும் லிஸ்மாட்டா இறால் ஒன்று, நீலக் கோட்டு லப்ராய்டஸ் மீன் மற்றது. துப்புரவு இறால், துப்புரவு மீன் என்ற பெயர் அவற்றுக்கு வடிவாகப் பொருந்தும். நண்டுக்கும் அதே சொல்லைக் கொடுத்தால், வாசிக்கிறவர் நண்டு மீனைத் துடைக்கும் என்று நினைப்பார். உண்மையில் நண்டு மீனுக்குக் கிட்டப் போனால் அது வேறு நோக்கத்துக்கு.

இரண்டாவது தடைதான் பெரிது. துப்புரவு என்றால் குப்பையை வீட்டுக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டுவது. நண்டு எதையும் வெளியே கொண்டுபோவதில்லை.

‘பாசியுண்ணி நண்டு’ எப்படி? உங்கள் எண்ணங்களை எழுதுங்கள்.

பருத்தித்துறையிலிருந்து

ரீச்சர், இரண்டாவது தடையை நீங்கள் ஒரு வரியில் விட்டுவிட்டீர்கள். அதை விரித்துச் சொன்னால்தான் சொல் ஏன் மாறவேண்டும் என்று விளங்கும்.

நண்டு தின்ற பாசி எங்கே போகிறது? கொஞ்சம் உடம்பாகிறது. மிச்சம் எச்சமாகவும் அமோனியாவாகவும் அதே தண்ணீரில் விழுகிறது. பற்றீரியா அமோனியாவை நைத்திரைற்றாக்கி, பிறகு நைத்திரேற்றாக்குகிறது. அந்த நைத்திரேற்றைக் குடித்துப் பாசி திரும்ப முளைக்கிறது. கையால் பிடுங்கி வாளியில் போட்ட பாசி மட்டுமே தொட்டியை விட்டுப் போன பாசி.

எங்கள் ஊர்க் கணக்கு ஒன்று. 200 லீற்றர் தொட்டியில் நாளொன்றுக்கு 2 லீற்றர் ஆவியாகிறது என்று வையுங்கள். யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதிச் சுண்ணக்கல் கிணறுகள் பலவற்றில், தோட்டத்துக்குப் போட்ட உரம் இறங்கி, நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டி நிற்கிறது. குடிதண்ணீருக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த எல்லையே அந்த 50தான். அந்தத் தண்ணீரில் நாளுக்கு 2 லீற்றர் விட்டு நிரப்பினால் 100 மில்லிகிராம் நைத்திரேற்று உள்ளே போகிறது. தொட்டி முழுவதற்கும் பிரித்தால் நாளுக்கு லீற்றருக்கு அரை மில்லிகிராம், ஒரு மாதத்தில் 15. ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், நைத்திரேற்று தங்கிவிடும். இப்படிப்பட்ட தொட்டியில் பத்து நண்டு விட்டாலும் பாசி தோற்காது. கரைந்திருப்பவற்றைச் சவ்வால் பிரித்தெடுக்கும் ஆர்.ஓ. வடியிலிருந்து வரும் தண்ணீரால் நிரப்புவதுதான் முதல் வைத்தியம்.

‘துப்புரவு நண்டு’ என்ற பெயரை நம்பி வாங்குகிறவர் இந்த வைத்தியத்தைச் செய்யமாட்டார். பாசி கூடக் கூட நண்டைக் கூட்டுவார். ‘ஒரு கலனுக்கு (ஏறக்குறைய 4 லீற்றருக்கு) ஒரு நண்டு’ என்று விற்பனைக்காரர் சொல்லும் கணக்கும் இருக்கிறது. 200 லீற்றர் என்றால் ஐம்பது நண்டு! பாசி முடிந்த கிழமையே அவை நத்தைகளில் கை வைக்கும்.

புளோரிடாத் தீவுகளின் கடலில், பாசி மூடிய முருகைப் பாறைகளில் கரிபியன் பெருநண்டைக் கூட்டமாக விட்டுப் பார்த்த ஆய்வு 2021இல் வெளிவந்தது. நண்டு விட்ட இடத்தில் பாசி குறைந்தது. முதலில் ஆட்கள் இறங்கித் தேய்த்துவிட்டுப் பிறகு நண்டு விட்ட இடத்தில் இன்னும் கூடக் குறைந்தது. வீட்டுத் தொட்டிக்கும் ஒழுங்கு அதுதான். முதலில் கை, பிறகு நண்டு. நீள மயிராக வளர்ந்த பாசியை எந்த நண்டும் லேசில் தொடாது. அரை அங்குலத்துக்குக் கீழே பிடுங்கிவிட்டால், தளிர்க்கும் நுனியை விடாமல் தின்னும்.

ஆடு புல்லைக் கிள்ளிக் கிள்ளிக் கட்டையாக வைத்திருப்பதுபோல. அதனால் என் தெரிவு ‘மேய்’ என்ற வினை. உண்ணி வேண்டாம். மாட்டுக்குப் பிடிக்கும் உண்ணியை நினைக்காமல் அந்தச் சொல்லை யாழ்ப்பாணத்தில் வாசிக்க ஏலாது.

காரைநகரிலிருந்து

அண்ணை சொல்வதை ஏற்கிறேன். ஆனால் ‘பாசி’யைப் பற்றி ஒரு சொல். பள்ளிக்கூடப் புத்தகத்தில் அல்கா. கரையில் இரண்டு சொல் இருக்கிறது: கல்லில் வழுக்குவது பாசி, அலை கொண்டுவந்து ஒதுக்குவது சாதாளை. தொட்டியில் வருவது பெரும்பாலும் முதலாவது, ஆகவே பாசி என்றே வைப்போம். ஆனால் எந்தப் பாசி என்று பிரித்துச் சொல்லாவிட்டால் நண்டைத் தெரிவுசெய்ய முடியாது.

கண்ணாடியில் பழுப்புத் தூளாகப் படிவது டயற்றம் என்ற நுண்பாசி. புதுத் தொட்டியில் வரும், சில கிழமையில் தானாகப் போகும், நத்தைக்கு அது போதும். பச்சை மயிராக நிற்பது நூற்பாசி, சின்ன ஊரிநண்டு தின்னும் (இந்தப் பெயரைக் கீழே விளக்குகிறேன்). பச்சைக் கண்ணாடி மணிபோல் உருண்டு நிற்கும் வலோனியாவைக் குமிழ்ப்பாசி என்போம், அதற்கு மரகத நண்டு. செங்கபிலச் சளிப்படலமாகப் பரந்து குமிழி விடுவது பாசியே அல்ல, சயனோபற்றீரியா. எந்த நண்டும் அதைத் தின்னும் என்று நம்ப முடியாது. உறிஞ்சி எடுத்து, நீரோட்டத்தைக் கூட்டவேண்டும்.

மரகத நண்டு, மித்ராக்குலஸ் ஸ்கல்ப்டஸ், கரிபியன் கடலுடையது. அது தின்பதைக் கிட்ட நின்று பார்த்தால் வினை எதுவென்று தெரியும். இடுக்கியின் இரண்டு விரல் நுனியும் கூராக இல்லை, கரண்டிபோல் குழிந்திருக்கும். ஒரு இடுக்கி கல்லில் நுள்ளும், அது வாய்க்குப் போகும்போது மற்றது நுள்ளும். வலம், இடம், வலம், இடம் என்று நிற்காமல் நடக்கும். பல்லால் அரிப்பதுமில்லை, நாக்கால் சுரண்டுவதுமில்லை. நத்தைதான் சுரண்டுவது. ஆகவே ‘நுள்ளி’ என்ற சொல்லையும் பார்க்கவேண்டும்.

இடுக்கி நுனிதான் கடையில் பார்க்கவேண்டிய முதல் அடையாளமும். கரண்டி நுனி என்றால் பாசிக்காரன். ஊசி நுனி என்றால் இறைச்சிக்காரன். விரல் நுனி கறுப்பாக, உடம்பு மயிராக இருந்தால் அது முருகைக்கல்லோடு ஒளிந்து வந்த ஸாந்திட் குடும்பத்து நண்டாக இருக்கலாம். எடுத்துவிடுங்கள், முருகையையும் நத்தையையும் தின்னும். கடைசிச் சோடிக் கால் துடுப்புப்போல் தட்டையாக இருந்தால் நீந்தும் நண்டு, மீனைப் பிடிக்கும். கறிக்கு வரும் நீல நண்டின் குஞ்சு வடிவாக இருக்கிறது என்று தொட்டியில் விடக்கூடாது.

கல்லில் தட்டையாக ஒட்டி ஓடும் பெர்க்னான் நண்டு குட்டியாக இருக்கும்வரை நல்ல மேய்ச்சல்காரன். வளர்ந்து பாசியும் முடிந்தால் இரவில் சின்ன மீனைப் பிடிக்கும். பீங்கான் நண்டு தண்ணீரை வடித்துண்பது, அம்புநண்டு முட்புழு தின்பது. இரண்டையும் பாசிக்கு வாங்கி ஏமாறவேண்டாம்.

இனி ஊரிநண்டு. ‘துறவி நண்டு’ ஆங்கிலப் பெயரின் நிழல். சண்டை பிடித்து மற்றதன் வீட்டைப் பறிக்கும் உயிருக்குத் துறவி என்ற பெயர் பொருந்தவில்லை. நத்தையின் கோது, அதாவது ஓடு, எங்களுக்கு ஊரி. ஊரிக்குள் இருப்பது ஊரிநண்டு. கரைப் பிள்ளைகளுக்கும் உடனே விளங்கும்.

கோண்டாவிலிலிருந்து

ஊரிநண்டுக்கு முழு ஆதரவு. அந்தப் பெயரே ஒரு வேலையையும் நினைவூட்டுகிறது: ஊரி இல்லாமல் அது இல்லை. வளர வளரப் பெரிய ஊரி தேடும். கிடைக்காவிட்டால் உயிருள்ள டர்போ நத்தையைக் கொன்று அதன் ஊரியை எடுக்கும். ‘நண்டு நத்தையைத் தின்றுவிட்டது’ என்று முறையிடுகிறவர்கள் பலர் தொட்டியில் ஒரு வெற்று ஊரியும் போட்டிருக்கமாட்டார்கள். ஒரு நண்டுக்கு இரண்டு மூன்று வெற்று ஊரி போடுங்கள். வாய் வட்டமாக, இப்போது இருப்பதிலும் சற்றே பெரிதாக இருக்கவேண்டும். கரையில் பொறுக்கியதென்றால் உள்ளே உயிர் இல்லை என்று பார்த்து, 15 நிமிடம் அவித்து, கழுவி, வெயிலில் காயவிட்டுப் போடவேண்டும். முருகைக்கல்லை மட்டும் கடலில் இருந்து எடுக்காதீர்கள், இலங்கைச் சட்டத்தில் அது தடை.

200 லீற்றருக்கு என் அளவு: ஊரிநண்டு நான்கு முதல் ஆறு, மரகத நண்டு ஒன்று, மிச்ச வேலை நத்தைக்கு. ஊரிநண்டில் நீலக்காலன் கிளிபனேரியஸ் டிரைகலர், செங்காலன் பகுரிஸ்டஸ் கடேனாட்டி இரண்டும் சிறியவை, செங்காலன் சாதுவானது. டார்டனஸ் இனம் பெரிதாக வளர்ந்து எல்லாவற்றையும் பிரட்டும், வேண்டாம். பாசி முடிந்த பிறகு பட்டினி போடக்கூடாது. மூன்று நாளுக்கு ஒருக்கா நகத்தளவு காய்ந்த சாதாளைத் தாள் போதும்.

விடும் முறையில் அவசரப்பட்டால் நண்டு இரண்டு நாளில் சாகும். மீன் உப்பு மாற்றத்தைக் கொஞ்சம் தாங்கும், நண்டு தாங்காது. காற்றுக் குழாயில் தளர்வாக ஒரு முடிச்சுப் போட்டு, நொடிக்கு இரண்டு மூன்று துளியாகத் தொட்டித் தண்ணீரைப் பாத்திரத்துக்குள் விழவிடுங்கள். ஒரு மணி நேரத்தில் தண்ணீர் மூன்று மடங்காகும். பிறகு நண்டை மட்டும் எடுத்துத் தொட்டியில் விட்டு, பாத்திரத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். தொட்டியின் உப்பு ஆயிரத்துக்கு 35, வெப்பம் 25 முதல் 27 பாகை. கடனீரேரியிலிருந்து தண்ணீர் எடுக்கிறவர்கள் ஒவ்வொரு முறையும் அளக்கவேண்டும். கார்த்திகை மழையில் அது நன்னீர்ப் பக்கம் போகும், ஆவணி வெயிலில் கடலிலும் உப்பாகும். மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் செப்பு மருந்தை இந்தத் தொட்டியில் ஊற்றாதீர்கள். மீனை வேறு வாளிக்கு மாற்றி மருந்து விடுங்கள். செப்பு நண்டுக்கு நஞ்சு.

இன்னொரு சொல்லும் பட்டியலுக்கு வேண்டும். புத்தகத்தில் ‘தோல் கழற்றல்’. நண்டுக்கு நாங்கள் சொல்வது கோது. ‘கோது கழற்றல்’ என்று வைப்போம். கழற்றிய கோது கண், கால், மீசை எல்லாவற்றோடும் முழு நண்டாகவே கிடக்கும். பின்பக்கம் பிளந்து, உள்ளே வெறுமையாக, வெளிச்சம் ஊடுருவினால் அது கோது. செத்த நண்டு நாறும், கோது நாறாது. புதுக்கோது இறுகும்வரை நண்டு கல்லிடுக்கில் ஒளித்திருக்கும். அப்போது கல்லைப் பிரட்டித் தேடாதீர்கள்.

சொல் விடயத்தில் நுள்ளி வேண்டாம். அந்தச் சொல் நண்டு மனிதரை நுள்ளுவதாகத்தான் முதலில் கேட்கும். ‘மேய்நண்டு’ வினைத்தொகை, ஊறுகாய்போல, குடிதண்ணீர்போல. மேய்ந்த, மேய்கிற, மேயும் எல்லாம் அதற்குள் அடக்கம். பாசி என்ற சொல்லை முன்னால் ஒட்டவும் தேவையில்லை, மேய்வது என்றாலே பச்சை.

நல்லூரிலிருந்து

உண்ணியை நான் விட்டுவிடுகிறேன். கூட்டத்துக்கு ‘மேய்ச்சற் கூட்டம்’. அடியில் மண்ணைக் கிளறி மிச்சம் மீதி தின்னும் நசாரியஸ் நத்தையும் கடலட்டையும் இதில் சேரா, அவை பாசி மேய்வதில்லை. அவற்றுக்கு ‘மண்டிதின்னி’ என்று தனிப்பதிவு போடலாம். பட்டியலுக்கு இப்படி எழுதியிருக்கிறேன்:

மேய்நண்டு: முருகைத் தொட்டியில் கல்லில் முளைக்கும் குறும்பாசியைத் தின்னும் சிறுநண்டு. எ-டு: மரகத நண்டு, ஊரிநண்டு. பாசியைக் கட்டையாக வைத்திருக்கும், தண்ணீரில் உள்ள நைத்திரேற்றையும் பொசுபேற்றையும் குறைக்காது.

காரைநகரிலிருந்து

ரீச்சர், இரண்டு திருத்தம். ‘தின்னும்’ என்ற இடத்தில் ‘நுள்ளித் தின்னும்’ என்று போடுங்கள். நுள்ளு தலைப்பில் இல்லாவிட்டாலும் விளக்கத்திலாவது இருக்கட்டும், நத்தையிலிருந்து பிரித்துக் காட்டுவது அதுதான். ‘ஊரிநண்டு’ என்று பொதுவாக விடாமல் ‘சிறிய ஊரிநண்டு’ என்று போடுங்கள். டார்டனஸும் ஊரிநண்டுதானே.